இரண்டு காகிதங்கள், ஒரு கதவு: யூத, பூர்வகுடி வரலாறுகளை மேடையேற்றுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யூதர்கள் ஐரோப்பாவில் அனுபவித்ததையும் பூர்வகுடிகள் தங்கள் சொந்த மண்ணில் அனுபவித்ததையும் ஒரே நாடகத்தில் சொல்ல நினைக்கும் குழுக்களுக்காக இந்தப் பக்கம். பள்ளி, கல்லூரி, சமூக நாடகக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரைச் சேர்ந்தவை. இரண்டு வரலாறுகளும் ஒரே வாசலில் சந்தித்தது அங்கேதான்.

எந்த நிகழ்வை மையமாக வைப்பது?

1938 டிசம்பர் 6. யோர்ட்டா யோர்ட்டா இனத்தைச் சேர்ந்த முதியவர் வில்லியம் கூப்பரின் முன்னெடுப்பில் ஆஸ்திரேலிய அபோரிஜினல் சங்கத்தின் தூதுக்குழு ஒன்று மெல்பர்ன் கொலின்ஸ் தெருவில் இருந்த ஜெர்மன் துணைத்தூதரகத்துக்குப் போனது. நாஜி அரசு யூத மக்களைக் கொடுமைப்படுத்துவதைக் கண்டித்து, அதை நிறுத்தக் கோரும் தீர்மானம் அவர்கள் கையில் இருந்தது. தூதர் அவர்களை உள்ளே விடவில்லை. மறுநாள் நாளிதழில் சிறு செய்தி வந்தது. நடந்தது அவ்வளவுதான்.

நாடகத்துக்கு இதுவே போதும் என்று சொல்லக் காரணம், அந்த மனிதர்களின் நிலை. கூப்பர் எழுபதைக் கடந்த வயதில் முர்ரே ஆற்றங்கரையில் நியூ சவுத் வேல்ஸ் அரசு நடத்திய கமராகன்ஜா பூர்வகுடிக் குடியிருப்பை விட்டு மெல்பர்னின் ஃபுட்ஸ்கிரே பகுதிக்குக் குடிவந்தவர். அரசுக் குடியிருப்பில் வாழும் பூர்வகுடிக்கு முதியோர் ஓய்வூதியம் கிடையாது, வெளியேறினால்தான் கிடைக்கும். அவருடைய மகன் டேனியல் 1917-இல் பெல்ஜியப் போர்க்களத்தில் ஆஸ்திரேலியப் படைவீரனாக இறந்தார். நாடாளுமன்றத்தில் தங்கள் இனத்தவர் ஒருவருக்கு இடம் கேட்டு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு எழுதிய மனுவுக்கு 1,814 கையொப்பங்களைத் திரட்டினார். 1937-இல் அந்த மனு கான்பெரா அரசிடம் போனது. மன்னருக்கு அனுப்பிவைப்பதில்லை என்று 1938-இல் அரசு முடிவெடுத்தது.

ஆக, ஒரு காகிதம் தங்களுக்காக, இன்னொன்று கண்ணால் கண்டிராத மக்களுக்காக. இரண்டுமே போய்ச்சேர வேண்டியவரிடம் போய்ச்சேரவில்லை. நாடகத்தின் முதுகெலும்பு இதுதான்.

இரண்டு துயரங்களையும் ஒப்பிடலாமா?

தராசில் வைக்காதீர்கள். வைத்த நிமிடமே நாடகம் வழக்காடுமன்றமாகிவிடும்: யாருக்கு அதிகம் போனது, எது முதலில் நடந்தது, எதை ‘இனப்படுகொலை’ என்று அழைக்கலாம் என்று. ஒரு தரப்பின் வாயை இன்னொரு தரப்பின் எண்ணிக்கை அடைத்துவிடும்.

ஷோவா, அதாவது நாஜிக்கள் நடத்திய யூத இனப்படுகொலை, ஒரு கண்டம் முழுவதும் சில ஆண்டுகளுக்குள் 60 லட்சம் பேரைக் கொன்றது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் மீதான வன்முறை நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக நீண்டது. நிலப்பறிப்பு, படுகொலைகள், நோய், ‘பாதுகாப்பு’ச் சட்டங்கள், குழந்தைகளைப் பிரித்தெடுத்தல் என்று அது பல வடிவங்களை எடுத்தது. இரண்டின் இயந்திரமும் வேறு, வேகமும் வேறு. வேறு என்பதை மேடையில் ஒளிக்க வேண்டியதில்லை. ‘நாங்களும் நீங்களும் ஒன்றே’ என்ற பாட்டோடு முடியும் நாடகங்கள் இரு தரப்பு மூத்தவர்களையும் புண்படுத்துகின்றன. உண்மையில் எங்கே சந்தித்தார்களோ அங்கே மட்டும் சந்திக்க விடுங்கள்.

அப்படி எத்தனை இடங்களில் சந்தித்திருக்கிறார்கள்? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் ஒத்திகையிலேயே ஒரு கயிற்றுப் பயிற்சி செய்யுங்கள். 11 மீட்டர் கயிற்றைத் தரையில் நீட்டுங்கள். ஓர் ஆண்டுக்கு 10 செ.மீ. கணக்கு. ஒரு முனை 1835, மெல்பர்னில் வெள்ளையர் குடியேறிய ஆண்டு, மறுமுனை 1945. தேதி எழுதிய அட்டைகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து உரிய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். 1869: விக்டோரியாவின் பூர்வகுடிப் ‘பாதுகாப்பு’ச் சட்டம். 1886: கலப்பினத்தவரைக் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றிய திருத்தம். 1915: நீதிமன்றம் போகாமலேயே குழந்தைகளை எடுத்துச்செல்ல நியூ சவுத் வேல்ஸ் அதிகாரிகளுக்கு வழிவிட்ட திருத்தம். 1933: ஹிட்லர் ஆட்சிக்கு வருவது. 1935: யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பர்க் சட்டங்கள்.

1938-க்கு வந்ததும் வைக்க இடமிருக்காது. ஜனவரி 26 அன்று, வெள்ளையர் வந்திறங்கிய நாளைத் துக்க நாளாக அறிவித்து, சிட்னியில் பூர்வகுடிகள் நடத்திய துக்க நாள் மாநாடு. ஜூலையில் பிரான்ஸின் எவியான் நகரில் அகதிகள் மாநாடு. நவம்பர் 9, 10 தேதிகளில், நாஜிக்கள் யூதர்களின் கடைகளையும் வழிபாட்டு இடங்களையும் தாக்கிய ‘உடைந்த கண்ணாடி இரவு’. டிசம்பர் 6-இல் துணைத்தூதரக வாசல். அந்த 10 செ.மீ.க்குள் அட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுவதை நடிகர்கள் தங்கள் கண்ணால் பார்த்துவிட்டால், பிரதியை எங்கே தொடங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

இவற்றில் குழுக்கள் பெரும்பாலும் தவறவிடுவது எவியானை. 32 நாடுகள் கூடி, யூத அகதிகளை யார் ஏற்பது என்று பேசிய கூட்டம் அது. ஆஸ்திரேலியப் பிரதிநிதி டி. டபிள்யூ. வைட் அங்கே சொன்னதன் பொருள் இது: எங்களிடம் உண்மையான இனப் பிரச்சினை ஏதும் இல்லை, அப்படியொன்றை இறக்குமதி செய்யும் விருப்பமும் இல்லை. அந்த வாக்கியத்தைப் பாதியாக வெட்டிப் பாருங்கள். பின்பாதி யூதரைப் ‘பிரச்சினை’ ஆக்குகிறது. முன்பாதி, துக்க நாள் நடந்து ஆறே மாதத்தில், பூர்வகுடிகளை இல்லாதவர்கள் ஆக்குகிறது. இரு மக்களும் ஒரே மூச்சில் துடைக்கப்பட்ட இடம் இது. இந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு முழுக் காட்சி கொடுக்கலாம்: ஒருவர் வாசிக்க, மேடையின் இருபுறமும் நிற்பவர்கள் தங்களைப் பற்றிய பாதியில் மட்டும் தலைநிமிரட்டும். வேறு வசனமே வேண்டாம்.

இதற்கு நாடகம் எதற்கு? கண்காட்சியோ ஆவணப்படமோ போதாதா?

போதும், தகவல் மட்டும் தர வேண்டுமென்றால். ஆனால் மேடைக்கு இந்த வரலாற்றில் நேரடிப் பங்கு உண்டு. 1938 ஜனவரி 26 அன்று வெள்ளையர் வந்திறங்கிய 150-ஆம் ஆண்டு விழாவுக்காக சிட்னியில் அந்த வருகையை நடித்துக் காட்டினார்கள். ஓடி ஒளியும் ‘காட்டுவாசி’களாக நடிக்க நகரத்துப் பூர்வகுடிகள் மறுத்துவிட்டார்கள். மாநிலத்தின் மேற்கிலிருந்து, மெனிண்டீ போன்ற இடங்களிலிருந்து, ஆட்களைக் கொண்டுவந்து, நாடக நாள்வரை ரெட்ஃபர்ன் காவல் வளாகத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். அதே நாளில், அதே நகரில் நடந்த துக்க நாள் மாநாட்டுக்கு வந்தவர்கள் மண்டபத்தின் பின்வாசல் வழியாக நுழைய வேண்டியிருந்தது.

ஜெர்மனியில் 1933-இல் மேடைகளிலிருந்து விரட்டப்பட்ட யூதக் கலைஞர்கள் ‘யூதப் பண்பாட்டுச் சங்கம்’ என்ற அமைப்பின்கீழ் யூதப் பார்வையாளர்களுக்கு மட்டும் நடிக்க அனுமதிக்கப்பட்டார்கள். எந்த நாடகம் போடலாம் என்பதை நாஜி அலுவலகம் தீர்மானித்தது. ஜெர்மன் செவ்வியல் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகத் தடைசெய்யப்பட்டார்கள். உடைந்த கண்ணாடி இரவுக்குப் பின் யூத வாழ்வின் வாசல்கள் எல்லாம் மூடப்பட்டபோதும், இந்த மேடை மட்டும் தொடர்ந்து நடக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. 1941-இல் அதையும் கலைத்தார்கள்.

ஒரே ஆண்டில், உலகின் இரு முனைகளில், கட்டாயத்தின் பேரில் நடித்தவர்கள் இருந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு மேடையேறும் நடிகர் ‘பாதிக்கப்பட்டவர் வேடத்தை’ வேறு விதமாக எடுப்பார்.

மறுபக்கமும் உண்டு. நாஜிக்கள் யூதர்களை அடைத்து வைத்த வார்சா கெட்டோவில், யூத மருத்துவரும் கல்வியாளருமான யானுஸ் கோர்ச்சாக்கின் அநாதை இல்லத்துக் குழந்தைகள் 1942 ஜூலையில் தாகூரின் ‘அஞ்சல் நிலையம்’ நாடகத்தை நடித்தார்கள். மூன்று வாரம்கூட முழுமையாகக் கழியுமுன் அவர்களை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாடகத்தை யார் கட்டாயமும் இல்லாமல் இல்லத்தாரே தேர்ந்தெடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

யாரிடம் முதலில் பேச வேண்டும்?

பிரதியில் ஒரு வரி எழுதுவதற்கு முன் மூன்று தரப்பு. முதலில் யாருடைய கதையோ அந்த இனத்தின் மூத்தவர்களும் குடும்பமும். கூப்பர் என்றால் யோர்ட்டா யோர்ட்டா. அடுத்து, நாடகம் நடக்கும் நிலத்தின் மரபுவழி உரிமையாளர்கள். மெல்பர்ன் என்றால் வுருன்ஜெரி வொய்வுருங், பூனுருங் மக்கள். பிறகு உள்ளூர் யூத சமூகம், முடிந்தால் ஷோவாவிலிருந்து தப்பியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

முதல் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் நாம் அதிகம் காணும் பிழை. யோர்ட்டா யோர்ட்டா மூத்தவர் ஒருவரை மெல்பர்ன் மேடைக்கு அழைத்து ‘நிலத்துக்கு வரவேற்பு’ சொல்லச் சொல்கிறார்கள். அது அவருடைய நிலம் அல்ல. வரவேற்கும் உரிமை அந்த நிலத்துக்காரர்களுக்கே. மற்றவர்கள் செய்யக்கூடியது, இது யாருடைய நிலம் என்று சொல்லி மரியாதை செலுத்தும் ‘நில ஒப்புகை’ மட்டும்.

ஆலோசனைக்கு வரும் மூத்தவர்களுக்கு ஊதியம் உண்டு; வரவுசெலவுத் திட்டத்தின் முதல் வரியே அதுவாக இருக்கட்டும். பிரதியை எத்தனை முறை அவர்களுக்குக் காட்டுவோம், எந்தக் கட்டம்வரை அவர்கள் ‘வேண்டாம்’ சொல்லலாம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று முறை: கதைச்சுருக்கம், முதல் முழுப் பிரதி, உடை ஒத்திகை. உடை ஒத்திகையில் மட்டும் அழைத்துவிட்டு ‘கலந்தாலோசித்தோம்’ என்று அறிவிப்பில் போடுவது நேர்மை ஆகாது.

யார் யாராக நடிக்கலாம்?

பூர்வகுடிப் பாத்திரங்களைப் பூர்வகுடி நடிகர்களே ஏற்க வேண்டும். முகத்தில் கறுப்பு பூசுவது எக்காரணம் கொண்டும் கூடாது. உங்கள் ஊரில் பூர்வகுடி நடிகர் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பாத்திரத்தை மேடையேற்றாதீர்கள். அவருடைய சொற்களை வாசியுங்கள். ‘நான் அவரில்லை, அவர் எழுதியதை வாசிக்கிறேன்’ என்று வாசிப்பவர் பார்வையாளரிடம் சொல்லிவிட்டு வாசித்தால் போதும். நாற்காலியும் தாளும் வைத்த வாசிப்பு அரங்கு இந்தக் கதைக்கு நன்றாகவே பொருந்துகிறது.

யூதப் பாத்திரங்களில் வேறு ஆபத்து: தாடி, தொப்பி, உச்சரிப்பு என்று ஒரே அச்சில் வார்த்துவிடுவது. 1938 பெர்லின் யூதர்களில் பெரும்பாலோர் பக்கத்து வீட்டு ஜெர்மானியரைப் போலவே உடுத்தினார்கள், பேசினார்கள்.

கூப்பர் தானே நடந்து போனாரா?

வரலாற்றாசிரியர்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. முன்னெடுத்தவர் அவர் என்பது உறுதி. அன்று வாசலில் நின்றாரா என்பது விவாதத்துக்குரியது. தீர்மானத்தின் சாரத்தையும் அந்த நாளிதழ்ச் செய்தி வழியாகவே அறிகிறோம். ஆகவே கூப்பர் கதவைத் தட்டி நீண்ட உரை ஆற்றுவதாக எழுதினால், அது உங்கள் கற்பனை.

மேடை இதற்கு அழகான வழி தருகிறது. நடையின்போது குழுவின் நடுவே ஓர் ஆள் அகல இடத்தைக் காலியாக விட்டு நடக்கச் செய்யுங்கள். கூப்பராக நடிப்பவர் அந்தக் காட்சி முழுவதும் மேடை ஓரத்தில், எழுதுமேசையில் அமர்ந்திருக்கட்டும். இருந்தார் என்பவருக்கும் இல்லை என்பவருக்கும் அது பொய்யாகாது.

ஆவணங்களில் உள்ள சொற்களை அப்படியே பயன்படுத்தலாமா?

பயன்படுத்த வேண்டும். சொல்லுக்குச் சொல் ஆவண நாடகத்துக்கு இரண்டு பக்கத்திலும் வலுவான முன்மாதிரி உண்டு. ஆஷ்விட்ஸ் நாஜி முகாமில் பணியாற்றியவர்கள்மீது பிராங்ஃபர்ட்டில் நடந்த வழக்கின் சாட்சியங்களிலிருந்து பீட்டர் வைஸ் 1965-இல் ஒரு நாடகம் செய்தார். 1881-இல் கோராண்டெர்க் பூர்வகுடிக் குடியிருப்பு பற்றி விக்டோரியாவில் நடந்த விசாரணையின் பதிவுகளை, மெல்பர்னின் பூர்வகுடி நாடக நிறுவனமான இல்பிஜெரி மேடைக்குக் கொண்டுவந்தது.

சிக்கல் இரண்டு. அக்கால ஆவணங்களில் இன்று வசவாகிவிட்ட சொற்கள் இருக்கும். அவற்றை நீக்கினால் அதிகாரியின் முகம் மென்மையாகிவிடும். நீக்காவிட்டால் பார்வையாளர் வரிசையில் இருக்கும் ஒரு சிறுமி அவற்றைக் கேட்பாள். ஆவணமாக வாசிக்கும் இடத்தில் மட்டும் விடுங்கள், புதிதாக எழுதும் வசனத்தில் தவிருங்கள், நுழைவாயில் அறிவிப்பில் முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டாவது சிக்கல் நீளம். அரசுக் கடிதத்தின் ஒரு பக்கம் மேடையில் சுமார் இரண்டரை நிமிடம் பிடிக்கும். 70 நிமிட நாடகத்தில் மொத்த ஆவண வாசிப்பு 25 நிமிடத்தைத் தாண்டினால் கவனம் சிதறும்.

மேடைப் பொருட்கள் என்னென்ன?

மனு, கதவு, கண்ணாடி. மூன்று போதும்.

ஒரு தாளுக்கு 25 வரி என்று வைத்தால் 1,814 கையொப்பங்களுக்கு 73 தாள் வரும். அடுக்கினால் முக்கால் சென்டிமீட்டர் உயரம்கூட வராது. பின்வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது. ஏ4 தாள்களை நீளவாக்கில் ஒட்டினால் ஏறத்தாழ 21.7 மீட்டர் வரும். மடித்து வைத்து, காட்சியில் மேடையிலிருந்து பார்வையாளர் நடைபாதை வழியாக விரித்துக்கொண்டே போகலாம். மெல்லிய தாள் மூன்றாம் காட்சியிலேயே கிழியும். சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள தாளை வாங்கி, இணைப்புகளின் பின்புறம் துணிநாடா ஒட்டுங்கள். உண்மையான பெயர்களை எழுதாதீர்கள். கையொப்பமிட்டவர்களின் வழித்தோன்றல்கள் அரங்கில் இருப்பார்கள். இறந்தவர் பெயரைக் குடும்ப அனுமதியின்றிக் காட்டுவது பல பூர்வகுடிச் சமூகங்களில் தவறு. வெறும் கோடுகள் போதும்.

கதவு தனியாக நிற்கும் சட்டத்தில், 2 மீட்டர் உயரம், 80 செ.மீ. அகலம். இருபுறமும் சாய்வுத் தாங்கு கொடுத்து, ஒவ்வொன்றின் மேலும் 15 முதல் 20 கிலோ மணல்மூட்டை வையுங்கள். இல்லாவிட்டால் தட்டும்போது சட்டம் ஆடும், பார்வையாளர் சிரிப்பார்கள், காட்சி செத்துவிடும். கடையில் கிடைக்கும் உள்கூடான கதவு தட்டினால் டப்பா போலச் சத்தமிடும். பின்புறம் 18 மி.மீ. ஒட்டுப்பலகை ஒன்றைத் திருகி முடுக்கினால் கனத்த ஒலி வரும். ஒரே கதவு சிட்னி மண்டபமாகவும் எவியான் விடுதியாகவும் துணைத்தூதரகமாகவும் இருக்கட்டும். நாடகம் முழுவதும் அது முன்பக்கமாகத் திறக்கவே கூடாது.

உடையும் கண்ணாடியை மேடையில் காட்ட வேண்டாம், பேரொலியும் வேண்டாம். வீட்டில் அடி, உதை கண்ட பிள்ளைகள் பார்வையாளர்களில் எப்போதும் இருப்பார்கள். மறுநாள் காலையைக் காட்டுங்கள்: தகரத் தட்டில் ஒரு கிலோ சிறு சரளைக்கல்லைக் கொட்டி, முரட்டுத் துடைப்பத்தால் மெதுவாகக் கூட்டும் ஒலி. சிதறிய கண்ணாடியைப் பெருக்கும் ஓசை அப்படியே கிடைக்கும். அது ஒன்றரை நிமிடம் நீடித்தால் போதும், அரங்கு அடங்கிவிடும்.

அடிக்கடி வரும் வரலாற்றுப் பிழைகள்?

1938 ஜெர்மனிக் காட்சியில் மஞ்சள் நட்சத்திரம். ஜெர்மனியில் அது கட்டாயமானது 1941 செப்டம்பரில். கையில் பச்சை குத்திய எண்: அது ஆஷ்விட்ஸ் முகாமுக்கு மட்டும் உரியது. 1938-லேயே விஷவாயு அறை பற்றிய வசனம்: உடைந்த கண்ணாடி இரவில் சுமார் 30,000 யூத ஆண்கள் டகாவ், புகன்வால்ட், சாக்சன்ஹவுசன் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், ஆனால் கொலை முகாம்கள் பின்னால் வந்தவை. மெல்பர்னில் இருந்தவர்களுக்கு 1938 டிசம்பரில் எது தெரியும், எது தெரியாது என்பதைப் பிரதியில் கறாராகக் காப்பாற்றுங்கள். பின்னால் நடக்கப்போவது தெரியாமலே எழுந்து நடந்தார்கள் என்பதில்தான் அந்தச் செயலின் பெருமை இருக்கிறது.

ஆஸ்திரேலியப் பக்கம்: எல்லாப் பூர்வகுடிகளுக்கும் டிஜெரிடூ என்ற நீண்ட மரக்குழல் வாசிப்பது. அது வடபகுதி மக்களின் கருவி. முர்ரே ஆற்றங்கரைக் கதைக்குப் பின்னணியாகப் போடாதீர்கள். கமராகன்ஜா மக்கள் தேவாலயப் பாடல்களைத் தங்கள் மொழியில் பாடியவர்கள். எதைப் பாடலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்.

மதச் சடங்குகளை மேடையில் காட்டலாமா?

யூத வேதமான தோராவின் சுருள் மேடைப் பொருள் அல்ல; நகலும் வேண்டாம். இறந்தோருக்கான ‘கதீஷ்’ வழிபாட்டைப் பத்துப் பேர் கூடிய சபையில்தான் சொல்வார்கள். அதை நடிப்பாகச் சொல்வது பலருக்கு உறுத்தும். அந்த இடத்தில் மௌனம் போதும். இலைகளை எரித்துப் புகையூட்டும் புகைச் சடங்கு பூர்வகுடி மூத்தவர்கள் நடத்துவது. அவர்கள் விரும்பினால் நாடகத்துக்கு முன் அரங்குக்கு வெளியே நடக்கட்டும், காட்சியின் உள்ளே அல்ல. அரங்கின் புகை எச்சரிக்கைக் கருவி பற்றியும் முன்பே பேசிவிடுங்கள். இது மறந்துபோகும் விஷயம்.

கால அட்டவணை?

20 வாரம் வேண்டும். ஆலோசனைக்கும் வாசிப்புக்கும் ஆறு, பிரதிக்கு நான்கு, வாரம் இருமுறை மும்மூன்று மணி நேர ஒத்திகைக்கு எட்டு, மேடையேற்றத்துக்கு இரண்டு. வெள்ளி சூரியன் மறைவிலிருந்து சனி இரவுவரை சாபத், யூதர்களின் ஓய்வுநாள். அப்போது ஒத்திகை வைக்காதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் யூதத் திருநாள்கள் நெருக்கமாக வரும். பூர்வகுடிச் சமூகத்தில் சாவு நிகழ்ந்தால் துக்கக் கடமைகள் எல்லாவற்றுக்கும் முந்தியவை; யாரையும் ஒத்திகைக்கு வற்புறுத்தக் கூடாது. இதற்காகவே 20-க்கு மேல் இரண்டு வாரம் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடிகர்கள் மனம் தளர்ந்தால்?

தளர்வார்கள். குடும்ப நினைவுகளோடு வருபவர்களிடம் ‘உன் பாட்டிக்கு நடந்ததை நினைத்து அழு’ என்று கேட்கும் இயக்குநர் அந்தக் குழுவுக்குத் தகுதியில்லாதவர். குடும்பத் துயரைப் பிழிந்து நடிப்பு வாங்கும் பயிற்சிகளை அறவே விடுங்கள். ஒவ்வோர் ஒத்திகையின் கடைசி 15 நிமிடமும் வேடம் களையும் நேரம்: உடையை மாற்றி, சொந்தப் பெயரைச் சொல்லி, தேநீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அரங்கில் விளக்குப் பிரகாசம் குறைந்த தனியறை ஒன்றும், அதில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரும் காட்சி நாள்களில் இருக்கட்டும்.

நாடகத்துக்குப் பின் கலந்துரையாடல் அவசியமா? இஸ்ரேல்–பாலஸ்தீனம் பற்றிக் கேட்டால்?

அவசியம், 30 நிமிடம். இரு சமூகங்களிலிருந்தும் ஒவ்வொரு நெறியாளர்.

அந்தக் கேள்வி நிச்சயம் வரும். யூதர்களிடையேயும் பூர்வகுடிகளிடையேயும் அதில் ஒரே கருத்து இல்லை. ஒருவரை எழுப்பி ‘உங்கள் சமூகம் என்ன சொல்கிறது’ என்று கேட்பது அநியாயம். தடை போட்டாலும் பயனில்லை, கேள்வி நடைபாதையில் இன்னும் சூடாக எழும். குழு தனக்குள் முன்பே பேசி, நெறியாளர் சொல்ல வேண்டியதை ஒப்புக்கொண்டு வைத்திருக்க வேண்டும்: இந்தக் கேள்வி பலருக்கு உயிர்க்கேள்வி, அதற்குத் தனியாக ஒரு மாலையை ஒதுக்குகிறோம், இன்றைய அரை மணியில் 1938-ஐப் பேசுவோம். அப்படிச் சொன்னால் அந்த மாலையை உண்மையாகவே நடத்துங்கள்.

பள்ளியில் எந்த வயதிலிருந்து?

13-க்கு மேல். ‘நீ காவலாளி, நீ கைதி’ என்று பிள்ளைகளைப் பிரித்து நடிக்கவைக்கும் வகுப்பறை விளையாட்டு வேண்டவே வேண்டாம். அதிலிருந்து பிள்ளைகள் வரலாற்றைக் கற்பதில்லை, அதிகாரத்தின் ருசியைக் கற்கிறார்கள். கடிதம் எழுதுவதும் கதவருகே காத்திருப்பதும் எந்தப் பிள்ளையும் செய்யக்கூடிய நடிப்பு.

ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இத்தகைய சந்திப்பு உண்டா?

கனடா. 1936-இல் அங்கே ‘சுரங்கம், வளங்கள்’ என்ற புதிய துறை உருவானபோது பூர்வகுடி விவகாரமும் குடியேற்றமும் அதன் இரு கிளைகளாயின. டி. ஏ. கிரேரார் என்ற ஒரே அமைச்சரின்கீழ், பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த உறைவிடப் பள்ளிகளும் இருந்தன, யூத அகதிகளைத் திருப்பியனுப்பிய குடியேற்ற அலுவலகமும் இருந்தது. 1939 ஜூனில் 900-க்கும் மேற்பட்ட அகதிகளோடு அலைந்த ‘செயின்ட் லூயிஸ்’ கப்பலுக்குக் கனடா இடம் தரவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 254 பேர் பின்னர் கொல்லப்பட்டார்கள். உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்கள் மொத்தம் சுமார் 1,50,000 குழந்தைகள். ஒரு மேசை, இரண்டு இழுப்பறைகள் என்று மேடையை அமைத்தால் போதும்.

எந்த இடத்தில் முடிப்பது?

பல குழுக்கள் 2010-இல் ஜெருசலேமின் ஷோவா நினைவகமான யாத் வஷேம் கூப்பரைக் கௌரவித்ததோடு முடிக்கின்றன. அல்லது 2012 டிசம்பர் 6 அன்று அவர் பேரன் ஆல்ஃப் டர்னர் அதே நடையை மீண்டும் நடந்ததோடு. இரண்டும் உண்மை, இரண்டும் நெகிழ்ச்சி. ஆனால் அப்படி முடித்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்ற நிம்மதியோடு பார்வையாளர் வீட்டுக்குப் போவார்.

எங்கள் பரிந்துரை 1939 பிப்ரவரி 4. துணைத்தூதரக வாசலில் நின்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கமராகன்ஜாவில் மோசமான உணவுப்பங்கீடும் மேலாளரின் கெடுபிடியும் பொறுக்காமல் ஏறத்தாழ 200 பேர் தங்கள் பொருட்களோடு முர்ரே ஆற்றைக் கடந்து விக்டோரியாவின் பார்மா பக்கம் போய்க் கூடாரமிட்டார்கள். யோர்ட்டா யோர்ட்டா மொழியில் அந்த ஆற்றின் பெயர் துங்கலா. 21.7 மீட்டர் மனுத்தாளே ஆறாக மேடையின் குறுக்கே கிடக்க, நடிகர்கள் ஒவ்வொருவராக அதைத் தாண்டிப் போகட்டும். பேரனின் நடையை நிகழ்ச்சி நிரல் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள்.

பிரதியும் ஒளிப்பதிவும் யாருக்குச் சொந்தம்?

எழுத்துரிமை எழுதியவருக்கு, உள்ளே இருக்கும் குடும்பக் கதைக்கும் மொழிக்கும் பாட்டுக்கும் உரிமை அந்தச் சமூகத்துக்கு. ஒப்பந்தத்தில் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். ஒளிப்பதிவை இணையத்தில் ஏற்றுமுன் மூத்தவர்களிடம் மறுபடி அனுமதி வாங்குங்கள். மேடைக்குக் கொடுத்த சம்மதம் இணையத்துக்கும் சேர்ந்ததல்ல. பதிவின் தொடக்கத்தில் இறந்தவர்களின் பெயர், குரல், படம் வரலாம் என்ற அறிவிப்பு இருக்கட்டும். பதிவில் இருக்கும் ஒருவர் பின்னர் இறந்தால், குடும்பம் கேட்கும் காலம்வரை அதை இறக்கி வைக்கும் பொறுப்பு யாருடையது என்று குழுவில் ஒருவர் பெயரை இன்றே குறித்துவிடுங்கள்.